பெத்தாட பிஸ்கட் டின்: பழங்காசு சேர்க்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

படுவான்கரைப் பொடியன் (வெள்ளி, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பக்கத்துக்கு நான் புதுசு. பெத்தா, அதான் பாட்டி, தவறி முப்பத்தொண்டும் முடிஞ்சு, அவட பெட்டகத்தத் துப்புரவாக்கக்குள்ள அடியில ஒரு பிஸ்கட் டின் வந்திச்சு. உள்ளுக்குப் பழைய சீலைத்துண்டில முடிஞ்ச காசு. எண்ணிப் பார்த்தன், 41.

ராணி தலை போட்ட பெரிய வெள்ளி ரெண்டு, ஒண்டுல 1862 எண்டு இரிக்கு. ராசா தலையோட இன்னொரு வெள்ளி, மேல வளையம் வச்சு ஒட்டினது, அழுக்குப் படிஞ்சு வருஷம் தெரியல்ல. சதுரக் காசு கொஞ்சம். பூ மாதிரி விளிம்பு நெளிஞ்ச காசு கொஞ்சம். V, O, C மூண்டும் பின்னிக்கிடக்கிற சின்னச் செப்பு நாலு. பேப்பரில அடிச்ச அஞ்சு சதம் ஒண்டு, நடுவால கிழிக்கிறதுக்கு ஓட்டை போட்டிருக்கு. மிச்சம் எங்கட பத்து ரூபாய்க் குத்தி (நாணயம்), அதுல மட்டக்களப்பு எண்டு அடிச்சது மட்டும் அஞ்சு.

மூண்டு செப்புக்காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சன். குத்துவிளக்கு மாதிரிப் பளிச்செண்டு வந்திச்சு. மிச்சத்தையும் தேய்க்கலாமா? டவுன்ல ஒரு கடைக்காரர் டின்னோட ஒரு விலை சொன்னார். குடுக்க மனம் இல்ல. இதை ஒழுங்காச் சேர்க்கத் தொடங்கினா என்ன எண்டு இரிக்கு.

சாய்ந்தமருதுக் காக்கா (வெள்ளி, இரவு 10.05)

தம்பி, மொதல்ல அந்தப் புளியக் கொண்டுபோய்க் குசினியில வைங்க. மறுகா மிச்சத்தப் பேசுவம்.

இனி ஒரு காசையும் தேய்க்கவேணாம். புளி, தேசிக்காய், விபூதி, பல்லுக்குத் தீட்டுற பேஸ்ட், பித்தளை மினுக்குற களி, ஒண்டும் வேணாம். நூறு இருநூறு வருஷமாச் செம்பு தானாப் போட்டுக்கிட்ட தோல் அது. உரிச்சா திரும்ப வராது. சேர்க்கிற ஆள் பார்த்த உடன கண்டுபிடிச்சிடுவான். பளபளப்பு இருக்கும், ஆனா அது காசுட பளபளப்பில்ல, கீறல்ட பளபளப்பு.

பிடிக்கிற விதமும் இரிக்கி. ரெண்டு விரலால விளிம்பில மட்டும் பிடிங்க. முகத்தில விரல் படக்கூடாது. கீழ ஒரு துவாய விரிச்சு வச்சுத்தான் பார்க்கணும், விழுந்தா விளிம்பு நசியும். 92ல எண்ட கையில இரிந்து சிமெந்துத் தரையில விழுந்த ஐம்பது சதத்த இண்டைக்கும் வச்சிருக்கன், புத்தி வாறதுக்கு.

இப்ப உங்கட டின். அந்த ராணிக்காசு ரெண்டும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய். இலங்கைப் பெட்டகத்தில இந்தியக் காசு எப்பிடி எண்டு கேப்பீங்க. இங்க ரூபாயும் சதமும் 1872 தை முதலாந் திகதியில இரிந்துதான் கணக்குக்கு வந்தது. வெள்ளைக்காரன் நமக்கெண்டு அடிச்சது ஐம்பது சதம் வரைக்கும்தான். ஒரு ரூபாய்க்கு இந்திய வெள்ளி ரூபாயே ஓடிச்சு. இலங்கை தனக்கெண்டு ஒரு ரூபாய்க் குத்தி அடிச்சது 1957ல, புத்த ஜயந்திக்கு. அதாலதான் கிழக்கில பழைய வீடு எதைத் திறந்தாலும் விக்டோரியா வெளியில வாறா.

1862 எண்டதப் பார்த்து அந்த வருஷம்தான் அடிச்சதெண்டு நினைக்கவும் வேணாம். 1874 வரைக்கும் அதே வருஷத்தப் போட்டே அடிச்சாங்க. 1877ல இரிந்து வந்ததுல "குயின்" போய் "எம்பிரஸ்" எண்டு இரிக்கும்.

பழைய சல்லி (வெள்ளி, இரவு 10.31)

காக்கா நல்லாத்தான் சொல்றார். ஆனா பொடியனுக்கு உண்மையும் தெரியவேணும். தேச்ச மூண்டும் போச்சு. வீஓசி, அதாவது ஒல்லாந்தன்ட கிழக்கிந்தியக் கம்பெனி, அடிச்ச துட்டு எண்டா ஊரெல்லாம் கிடக்கிற சாமான், தேச்ச பிறகு செப்பு விலைதான். "துட்டு" எண்ட சொல்லே ஒல்லாந்தன்ட "டொய்ட்" தான், அது ஒண்டுதான் மிச்சம் லாபம் 😄

விலையப் பத்தி ஒண்டு. விளம்பரத் தளங்களில ஒரு சதக்காசை லட்சத்துக்குப் போட்டிருப்பான். அது கேக்கிற விலை. வித்த விலை வேற. நானும் லட்சத்துக்குப் போடலாம், வாங்க ஆள் வேணுமே. உங்கட 1862 மாதிரி ரூபாய் கோடிக்கணக்கில அடிச்சது. கழுத்தில கிடந்து தேஞ்சது எண்டா வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

சாய்ந்தமருதுக் காக்கா (வெள்ளி, இரவு 10.44)

விலைக் கணக்குச் சரி. ஆனா போச்சு எண்டு சொல்லாதீங்க. அந்த மூண்டையும் வச்சுக்கிட்டு இருந்தா ரெண்டு மூணு வருஷத்தில திரும்ப மங்கும். பழைய நிறம் வராது, ஆனாப் பார்க்க முடியும். வீஓசில எழுத்துக்கு மறுபக்கம் இரிக்கிற கேடயத்தப் பாருங்க தம்பி, ஒல்லாந்து, சீலாந்து, உத்ரெக்ட் எண்டு மாகாணத்துக்கு மாகாணம் வித்தியாசம். நாலும் நாலு மாகாணமா இரிந்தா நல்ல தொடக்கம்.

அதோட, கடைசிக் காலத்தில ஒல்லாந்தன் இங்கயே அடிச்ச ஸ்டைவர் எண்ட தடிச்ச செப்புக்காசும் இரிக்கி. கொழும்புக்கு C, காலிக்கு G, யாழ்ப்பாணத்துக்கு I, திருகோணமலைக்கு T. மட்டக்களப்புக்கு எழுத்தில்ல. 1638ல மட்டக்களப்புக் கோட்டையப் போர்த்துக்கீசப் பறங்கியிட்ட இரிந்து பிடிச்சவன், ஒரு எழுத்துத் தரல்ல பாருங்க.

வாவிக்கரை (சனி, காலை 6.15)

நான் கல்லடியில் இரசாயனம் படிப்பிக்கிறேன். காசு சேர்க்கத் தொடங்கிப் பதினொரு வருடம்தான், காக்காவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் புளி விசயத்தில் எனக்கும் ஒரு வாய் இருக்கிறது.

புளியில் டார்டாரிக் அமிலம். அது செம்பின் மேலுள்ள ஒட்சைட்டுப் படையைக் கரைத்து எடுத்துவிடும். சாம்பல் மணல் தாள் வேலை பார்க்கும். குத்துவிளக்குக்கு நல்லது, ஏனென்றால் குத்துவிளக்கில் யாரும் எழுத்து வாசிப்பதில்லை.

நம் ஊரில் உண்மையான எதிரி காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, காற்றில் உப்பு. செப்புக்காசில் குளோரைட்டு ஏறினால் வெளிர்பச்சை மாவு பூக்கும். துடைத்தால் போகும், ஈரம் பட்டால் மறுபடி பூக்கும், ஒவ்வொரு முறையும் காசைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். கரும்பச்சையாய் இறுகிப் பிடித்திருக்கும் களிம்பு வேறு. அது ஆபத்தில்லை, அதைத் தொடவும் வேண்டாம். மாவு பூத்த காசை உடனே மற்றவற்றில் இருந்து பிரித்து வையுங்கள்.

சுனாமியில் எங்கள் வீட்டு அலுமாரி சேற்றுக்குள் போனது. ஐந்தாம் நாள் அப்பாவின் காசு டப்பாவை எடுத்தோம். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. குழாய்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். அடுத்த மாரிக்குள் பாதிக் காசில் பச்சை பூத்தது. பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன்: காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாளுக்கு ஒரு தடவை நீரை மாற்றி, வாரக்கணக்காய் உப்பை இழுத்தெடுக்க வேண்டும். சிலது பிழைத்தது, சிலது எழுத்தே இல்லாமல் போனது.

அந்த வளையம் வைத்த காசின் அழுக்குக்கும் அதே நீர் போதும். பெற்றோல் நிலையத்தில் பேற்றரித் தண்ணி என்று கேட்டு வாங்கலாம். கவனம், பேற்றரி அசிட் வேறு, போத்தலை வாசித்து வாங்குங்கள். கண்ணாடிக் கோப்பையில் இரண்டு நாள் ஊறவிட்டு, தேய்க்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சுத்தமான அசிற்றோன். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். அசிற்றோனை அடுப்புப் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம். காகித ஐந்து சதத்தை மட்டும் எதிலும் நனைக்காதீர்கள்.

படுவான்கரைப் பொடியன் (சனி, காலை 8.02)

டீச்சர், காக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. காசு வைக்க நேத்தே ஒரு அல்பம் வாங்கிட்டன், மெத்து மெத்தெண்டு பிளாஸ்ரிக் பை வச்சது. சரியா?

அந்த அஞ்சு சதக் கடதாசி என்ன? இன்னொண்டும் இரிக்கு. ராமர், சீதை, லட்சுமணன், அனுமார் எல்லாம் நிக்கிற பெரிய செப்பு. மறுபக்கம் "ஈஸ்ட் இண்டியா கம்பெனி 1818". அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் எண்டு பக்கத்து வீட்டு மாமா சொல்றார்.

பழைய சல்லி (சனி, காலை 8.09)

😂😂 மாமாவிட்டச் சொல்லுங்க, அரிசி இழுக்குதோ தெரியாது, சல்லிய இழுக்கும். இதக் காட்டித்தான் ஊர் ஊரா ஏமாத்துறாங்க. "ரைஸ் புல்லிங்", "இரிடியம்" எண்டு கதை கட்டி, பரிசோதனைக்கு முன்பணம் கேட்டு, மறுகா ஆளையும் காணாது போனும் வேலை செய்யாது.

கம்பெனி ராமர் போட்டு ஒரு காசும் அடிக்கல்ல. கம்பெனிட உண்மையான அரை அணா எண்டா 1835, 1845, அதுல கம்பெனிட சின்னம்தான், சாமி இல்ல. உங்கட கையில இரிக்கிறது கோயில் வாசல்ல விக்கிற வில்லை. பூசை அறையில வைங்க, தப்பில்ல.

வாவிக்கரை (சனி, காலை 8.40)

அல்பத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கள் தம்பி. புது மழைக்கோட்டு மணம் அடித்தால் அது பீவிசி. நம் வெக்கையில் அது சிதைந்து காசின் மேல் பச்சைப் பசையாய் ஒட்டும். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். நடுவில் மைலார் என்ற தெளிவான பிளாஸ்ரிக் தாள் வைத்து மடிக்கிற இரண்டு அங்குல அட்டைச் சட்டம்தான் மலிவும் நல்லதும். ஸ்டேப்பிள் அடித்தால் கம்பியின் முதுகைக் குறட்டால் அமத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். இறப்பர் பட்டி போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். சட்டங்களை இறுக மூடும் டப்பாவில் வைத்து, சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதையும் போடுங்கள்.

ஐந்து சதம் 1942இல் வந்தது. யுத்த காலம், உலோகத்துக்குத் தட்டுப்பாடு. ஒரு பாதியில் இரண்டு சதம், மறுபாதியில் மூன்று சதம், சில்லறை தேவைப்பட்டால் நடுவால் கிழித்துக் கொடுக்கலாம். கிழிபடாமல் வந்திருக்கிறதே, பெத்தா கெட்டிக்காரி. ஐம்பது சதமும் 1942 வரை வெள்ளி, 1943இல் மஞ்சள் நிறமாகிவிட்டது, காரணம் அதே யுத்தம்தான். உங்களிடம் இரண்டும் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வட்டைக்காரன் (சனி, பகல் 1.20)

நான் சம்மாந்துறைப் பக்கம். இதுல கேக்கலாமோ தெரியல்ல. நாலு வருஷத்துக்கு முந்தி வட்டையில (வயல்ல) உழக்குள்ள ஒரு செப்புக்காசு வந்திச்சு. ஒரு பக்கம் ஆள் நிக்கிற, மறுபக்கம் ஆள் இரிக்கிற, பக்கத்தில நாகரி மாதிரி எழுத்து. ஒராள் பத்தாயிரம் தாறன் எண்டார். என்ன காசு? குடுக்கலாமா?

மட்டறுத்துநர் (சனி, பகல் 1.52)

மண்ணில் இருந்து எடுத்த பொருளுக்கு இங்கு விலை பேச வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி நிலத்தில் கிடைக்கும் தொல்பொருள் அரசுடையது. கிடைத்ததை அறிவிக்க வேண்டும், விற்பதும் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம்.

சாய்ந்தமருதுக் காக்கா (சனி, பகல் 2.30)

என்ன காசு எண்டு சொல்றதுல தப்பில்ல. நிக்கிற ராசா, இரிக்கிற ராசா, நாகரி எழுத்து எண்டா பொலனறுவைக் காலத்துச் செப்புக்காசு. சோழன் கொண்டுவந்த மாதிரிய இங்கத்த ராசாக்களும் தொடர்ந்து அடிச்சாங்க. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன் பேரெல்லாம் வரும். லீலாவதி எண்ட ராணி பேரிலயும் வரும், மூணு முறை ஆட்சிக்கு வந்தவ. எழுத்த வாசிச்சாத்தான் ஆர் எண்டு தெரியும், அதாலதான் தேய்க்காதீங்க எண்டு தொண்டை கிழியக் கத்துறன்.

குடுக்கிறதப் பத்தி, தம்பி, தொல்பொருள்காரங்களிட்டப் போய்க் காட்டுங்க. எந்த வட்டை, என்ன ஆழம், பக்கத்தில ஓடு கீடு கிடந்ததா, இதெல்லாம் சேர்ந்தாத்தான் அது சரித்திரம். டப்பாக்குள்ள போட்டா வெறும் செப்பு.

வட்டைக்காரன் (சனி, பகல் 2.41)

சொல்ல லேசு காக்கா. காட்டினா வட்டையையே கம்பி போட்டு அடைச்சிட்டா? கால் ஏக்கர் போனாலும் எங்களுக்கு நெல்லு.

பழைய சல்லி (சனி, பகல் 2.58)

அந்தப் பயம் எனக்கு விளங்குது. இந்த மாவட்டத்தில காணிக்குப் பயப்பிடாதவன் ஆர்? காக்கா சொல்ற மாதிரி எல்லாம் நேரா நடக்கிற இடமில்ல இது. ஆனா பத்தாயிரக்காரனுக்குக் குடுக்கவேணாம். அவன் நாளைக்கு மண்வெட்டியோட வந்து இரவில தோண்டுவான், பொலிஸ் வந்தா பிடிபடுறது காணிக்காரன்.

வட்டைக்காரன் (சனி, பகல் 3.10)

அது யோசிக்கல்ல. எண்ட மச்சான் பிரதேச செயலகத்தில வேலை. அவரிட்டக் கேட்டுப் பார்க்கிறன்.

படுவான்கரைப் பொடியன் (ஞாயிறு, இரவு 7.25)

ஒராள் எனக்குத் தனிச்செய்தி போட்டிருக்கார். "மட்டக்களப்புப் பத்து ரூபாய் அஞ்சையும் தாங்க, வேற நல்ல காசு தாறன், முதல்ல நீங்க தபால்ல அனுப்புங்க" எண்டு. அனுப்பவா?

சாய்ந்தமருதுக் காக்கா (ஞாயிறு, இரவு 7.58)

வேணாம். புதுசா வாறவங்க முதல் அனுப்புறது வழக்கம்தான், ஆனா அது பேர் தெரிஞ்ச பழைய ஆளோட மாத்தக்குள்ள. நேத்துச் சேர்ந்த கணக்கோட இல்ல.

எண்ட கதை ஒண்டு. இருபது வருஷத்துக்கு முந்தி ஒராளோட மாத்தம் பேசினன். நான் 1957 புத்த ஜயந்தி அஞ்சு ரூபாய், வெள்ளி. அவர் ஒரு ரிக்ஸ் டொலர், ரூபாய்க்கு முந்தி இங்க ஓடின வெள்ளிக்காசு, 1821. எழுத்தில ஒண்டுமில்ல, போன்ல பேச்சு. நான் அனுப்பினன். வந்ததத் தராசில வச்சா எடை குறைவு, விளிம்பில ஒட்டுக்கோடு. அச்சில வார்த்த போலிக் காசு. போன் போட்டா "நான் அனுப்பக்குள்ள நல்லாத்தான் இரிந்திச்சு" எண்டார். அதுக்கு மேல என்ன செய்ய? படமில்ல, எடையில்ல, சாட்சியில்ல.

இப்ப நான் ரெண்டு பக்கமும் படம் கேப்பன், பக்கத்தில அண்டைய திகதி எழுதின துண்டு வச்சு. எடையும் கேப்பன், நூறில ஒரு கிராம் காட்டுற தராசு சின்னதா வருது. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். தேஞ்சது கொஞ்சம் குறையும், ஒன்பது பத்துக்கு வந்தா யோசிக்கணும். காந்தமும் ஒண்டு வைங்க, வெள்ளியும் செம்பும் ஒட்டாது. நம்மட 2005க்குப் பிறகு வந்த புதுக்குத்திகள் ஒட்டும், உள்ளுக்கு இரும்பு.

காசுட குறைய நீங்களே முதல் சொல்லிடுங்க. தேச்சது, ஓட்டை, வளையம், எல்லாம். மறைச்சு மாத்தினா மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டம் ரெண்டிலயும் உங்களோட மாத்த ஆளிரிக்காது. நாங்க மொத்தமே எத்தனை பேர்?

தபால்ல போட்டா காசு உள்ளுக்குக் குலுங்கக்கூடாது. ரெண்டு அட்டைக்கு நடுவில வச்சு ஒட்டி, பதிவுத் தபால்ல போடுங்க.

வாவிக்கரை (ஞாயிறு, இரவு 8.20)

தம்பி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். 2013 என்று பொறித்து 25 மாவட்டத்துக்கும் வந்த அந்தப் பத்து ரூபாய்த் தொகுதியில் என்னிடம் 24 இருக்கிறது. இல்லாதது மட்டக்களப்பு. அம்பாறை மூன்று இருக்கிறது! உங்கள் ஐந்தில் நல்லதாய் ஒன்று தந்தால், ஐம்பது அட்டைச் சட்டமும் எலிசபெத் ராணியின் இரண்டு சதமும் தருகிறேன். இலங்கைக் காசில் அவர் தலை வந்தது அந்த இரண்டு சதத்தில் மட்டும்தான், 1955, 1957 இரண்டே வருடம். என்னிடம் 1955இல் ஒன்று மேலதிகமாய் இருக்கிறது, விளிம்பில் சின்ன அடி ஒன்று உண்டு.

பழைய சல்லி (ஞாயிறு, இரவு 8.26)

டீச்சர் கூடக் குடுக்கிறா 😄 பொடியன், யோசிக்காம ஓமெண்டு சொல்லு.

படுவான்கரைப் பொடியன் (புதன், மாலை 6.48)

இண்டைக்கு டீச்சரைக் காந்திப் பூங்காவில கண்டு மாத்தினன். காக்காவும் கல்முனை பஸ்ஸில வந்திருந்தார். அம்பாறைப் பத்து ரூபாய் ஒண்டும் டீச்சர் சும்மா தந்தா. வீஓசி நாலையும் காக்கா கண்ணாடி வச்சுப் பார்த்தார். தேச்ச மூண்டும் ஒல்லாந்து, தேய்க்காதது சீலாந்து. தேச்சதுல ஒண்டப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், மறுகா ஒண்டும் சொல்லல்ல.

ஒரு விசயம். வளையம் வச்ச காசை அம்மா எடுத்துட்டா. அது பெத்தாட கழுத்தில கிடந்ததாம், 78 சூறாவளிக்குள்ள அதோடதான் பாடசாலைக்கு ஓடினவவாம். ஆருக்கும் குடுக்கேலாதாம். அம்மா எடுத்தது ஒண்டு, மாத்தக் குடுத்தது ஒண்டு, வந்தது ரெண்டு, அப்ப டின்ல இப்பவும் 41.

வாவிக்கரை (புதன், மாலை 7.05)

அம்மா செய்ததுதான் சரி. ஊறவைத்தீர்களா? வருடம் தெரிந்ததா?

படுவான்கரைப் பொடியன் (புதன், மாலை 7.11)

மூண்டு நாள் ஊறவச்சன் டீச்சர், தேய்க்கல்ல. ஒற்றி எடுத்ததும் தெரிஞ்சிச்சு. 1911.

சாய்ந்தமருதுக் காக்கா (புதன், மாலை 7.12)

1911ஆ? ஜோர்ஜ் ராசாட மார்பில ஒரு சின்ன யானை தொங்கும். தும்பிக்கை குட்டையாப் போய்ப் பன்றி மாதிரித் தெரியிதெண்டு இந்தியாவில பெரிய சண்டை வந்து, அந்தக் காசத் திருப்பி எடுத்து உருக்கி, 1912ல யானையத் திருத்தி அடிச்சாங்க. தப்பினது கொஞ்சம்தான். நாப்பது வருஷத்தில நான் கையில எடுத்துப் பார்த்ததே ரெண்டு.

அம்மாட்டயே இரிக்கட்டும் தம்பி. ஒரு படம் மட்டும் போடுங்க, யானை தெரியிற பக்கம்.